கிளிப் தேடியவர்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், என் பலசரக்குக் கடைக்குத் தபாலில் வரும் பொதிகளை எடுக்க வரும் அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு நரைத்த மீசை, எண்ணெய்க் கறை படிந்த விரல்கள். பழைய இராணுவத் துப்பாக்கிகள் சேர்ப்பவர். ஐந்து தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகரக் கிளிப்புகளை எங்கெங்கிருந்தோ தருவிப்பார். என் மேசையிலேயே பொதியைப் பிரித்து, வெடிமருந்தில்லாத தோட்டாக்களைச் செருகிப் பார்ப்பார். சிக்கினால் திட்டிக்கொண்டே குப்பையில் எறிவார்.

"நம்பக்கூடியது ஒன்றாவது கிடைக்காதா?" என்று அன்றும் கேட்டபடிதான் செருகினார். இம்முறை சடக்கென்று இறங்கியது.

பின்னால் பெட்டி வெட்டிக்கொண்டிருந்த என் வேலையாள் வன்னிப் போரிலிருந்து தப்பி வந்தவன். கத்தியோடு பாய்ந்தான்.

"சுடப்போறான் அண்ணை!"

கழுத்துக்குத்தான் வீசினான். அவர் கையை உயர்த்தியதால் முன்கை கிழிந்தது. அரிசி மூட்டைகளில் இரத்தம் தெறித்தது.

"விடடா! அது மருந்தில்லாத ரவையடா, வெறும் தோட்டா!" என்று அவனை இழுத்து விழுத்தினேன்.

பொலிஸ் வந்தது. அவனுடைய அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை; குற்றம் பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வாய் திறக்குமுன் அவர், "கிளிப்பின் விளிம்பு வெட்டிவிட்டது" என்றார். பொலிஸ் நம்பவில்லை. அவர் சொன்னதை மாற்றவுமில்லை.

போகும்போது அவனைக் காட்டி, "அவருக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள், நடுங்குகிறார்" என்றார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. கழுத்துக்கு வந்த வெட்டு என்று தெரிந்தும் ஏன் பொய் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.