உப்பு வில்லையில் வைத்த சந்தனம்

தமிழ்மதியை எனக்குத் தெரிந்தது அவள் அம்மா சின்னக்கண்ணு வழியாகத்தான். சின்னக்கண்ணுவுக்குப் பக்கவாதம். 1985இல் அவரைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் நர்ஸான என்னைத் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர் வீட்டில் அமர்த்தினார்கள். மகள் திண்டுக்கல் கல்லூரியில் வேதியியல் எம்.பில். மகன் சுருளிவேல் தோட்டம் பார்த்தான். தங்கையின் படிப்பு தண்டம் என்பது அவன் எண்ணம். அதை அவன் மறைத்ததும் இல்லை.

அவள் ஆராய்ந்தது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவை. மூலக்கூறில் இரண்டே அணு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதில் செலுத்தினால், அணுக்களின் அதிர்வுக்குப் பொருந்தும் ஒளியை மட்டும் விழுங்கிவிடும். விழுங்கிய இடங்கள் தாளில் சீப்புப் பல் போல வரிசையாக விழும். பற்களின் இடைவெளியை அளந்தால் இரண்டு அணுவும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று கணக்கிடலாம். குளோரின் அணுவில் எடை வேறுபட்ட இரண்டு வகை உண்டு. அதனால் ஒவ்வொரு பல்லும் இரட்டையாக இருக்க வேண்டும். அவளுடைய முதல் தாளில் இரட்டை தெரியவில்லை. மறுபடி எடுக்க மதுரையில் இருந்த கருவியில் ஒரே ஒரு நாள் கிடைத்தது, பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

கல்லூரி பூட்டியிருக்கும் என்று வாயு அடைத்த குழாயை வீட்டுக்கே கொண்டுவந்தாள். கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் உப்பில் செய்த வில்லை. கண்ணாடி அந்த ஒளியை விடாது, உப்பு விடும். ஈரம் மட்டும் படக்கூடாது என்று என்னிடம் சொன்னாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அவள் பொருள் எதையும் அவன் தொட்டதே கிடையாது.

ஆயுத பூஜையன்று காலை, மதுரையில் காட்ட வேண்டிய கடிதத்தை வழிகாட்டியின் வீட்டில் வாங்க அவள் திண்டுக்கல் போயிருந்தாள். நான் பின்கட்டில் சின்னக்கண்ணுவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். குழாயைப் பரணில் ஏற்றி வைக்க எனக்கும் தோன்றவில்லை.

அவள் திரும்பியபோது மண்வெட்டி, அரிவாள், பம்புசெட் ஸ்பேனர் வரிசையில் அந்தக் குழாயும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, இரண்டு வில்லையிலும் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம்.

"ஒன் ஆயுதத்தையும் வச்சுட்டேன் தமிழு. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் சுருளிவேல். அவள் படிப்பைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவள் குழாயைக் கையில் எடுத்தாள். வில்லைகள் பால் படிந்ததுபோல வெளுத்திருந்தன. என் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டை வாங்கி, மெல்லிய துணியில் நனைத்துத் தேய்த்தாள். ஒன்று தெளிந்தது. மற்றது விரிசல் விட்டு, உள்ளிருந்த வாயு காரமாக மூக்கில் ஏறியது. நான் ஜன்னலைத் திறந்தேன். வேறு வில்லை வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதம் ஆகும்.

வழிகாட்டி காமராஜ் புத்தகத்து எண்களை வைத்துக் கோடு வரைந்து கொடுத்துவிடச் சொன்னார். அளக்காததை அளந்ததாக எழுத மாட்டேன் என்று வந்துவிட்டாள். முதல் தாளையே வைத்து, இரட்டை தெரியவில்லை என்று உள்ளபடி எழுதினாள். தேர்வாளர் நிராகரித்தார்; அதோடு அவள் படிப்பு முடிந்தது. புத்தகத்தைப் பார்த்து வரைந்த இன்னொருவன் அதே வருஷம் பட்டம் வாங்கினான்.

தங்கை பெயில் என்று சுருளிவேல் ஊரெல்லாம் சொன்னான். உன்னால்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்று தமிழ்மதியிடம் கேட்டேன்.

"சொன்னா என்னாகும் நர்சம்மா? அடுத்த வருஷம் தொடாம இருப்பான். அடுத்த வருஷம்தான் எனக்கு இல்லையே."

தை மாதம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூல் சோதிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே பட்டம் கேட்கவில்லை.