பங்காளிக் கணக்கும் பந்திக் கணக்கும்

போன வாரம் செந்துறைப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் பூஜை. சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது.

சென்ற வருடமும் என்னுடையதுதான்... கடைசிப் பந்தியில் சோறு தீர்ந்துவிட்டது. என் தங்கை ராஜாம்பாள் இலை முன்னால் உட்கார்ந்து, எழுந்து, கை நனைக்காமலே பஸ் ஏறினாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கணக்கு எப்படித் தப்பியது? பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பியைக்கூட எண்ணுகிறவன் நான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கோயில் தலைக்கட்டு வரி நோட்டை வைத்து, குடும்பம் குடும்பமாக மூன்று தடவை எண்ணினேனே — தொண்ணூற்றாறு பேர்.

இந்த வருடம் மகள் கவிதா சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தாள். சாஃப்ட்வேர் வேலை. "சொல்லுங்கப்பா, நான் எண்ணித் தரேன்" என்றாள்.

அவள் "அப்புறம் யாரு?" என்று கேட்கக் கேட்க, வம்சம் முழுவதையும் சொன்னேன். எக்ஸ்.எம்.எல். என்று ஒரு முறையில் டைப் செய்தாள். ஒரு குடும்பம் ஒரு டப்பா. அதற்குள் பிள்ளைகளின் டப்பாக்கள், அவற்றுக்குள் பேரப்பிள்ளைகள்... திறந்த டப்பாவை மூடாவிட்டால் கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காதாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியைக்கூட யாரும் மூடுவதில்லை.

எண்ணுவதற்கு எழுதிய புரோகிராம்தான் பயமுறுத்தியது. 'ஃபங்ஷனல்' வகை மொழியாம். மொத்தமே நாலைந்து வரி.

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போற எடம் எங்கம்மா?"

"அப்படி எதுவும் இல்லப்பா. ஒவ்வொரு குடும்பமும் தன் ஆளுங்கள எண்ணி, புள்ளைங்க சொல்றதையும் கூட்டி மேல சொல்லிடும். புள்ளைங்க குடும்பமும் அப்படியே."

"எவனாவது கொறச்சிச் சொன்னா?"

"உங்க பங்காளிங்கள நேர்ல கேட்டாத்தான் கொறச்சிச் சொல்லுவாங்க."

விடை: நூற்று நாற்பத்தொன்று.

தப்பு என்றேன். பெயர் பெயராகக் காட்டினாள். கூடுதலாக வந்ததெல்லாம் கட்டிக்கொடுத்த பெண்கள், மாப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள். வரி நோட்டில் அவர்களுக்கு இடமில்லை, அது வழக்கம். அதற்காகப் பூஜைக்கு வராமல் இருப்பார்களா? சென்ற வருடம் வரிக் கணக்கைப் பார்த்து உலை வைத்திருக்கிறேன்... ராஜாம்பாளே அதில் இல்லை.

கோயில் நிர்வாகம் பார்க்கும் என் அண்ணன் எட்டிப்பார்த்தார். "பொட்டப் புள்ளைங்கள எதுக்குடா தலைக்கட்டுல சேக்கிற? நாளைக்கு வழக்காயிடும்."

"சேக்கலைங்க பெரியப்பா" என்றாள் கவிதா. "வம்சம் அப்படியே இருக்கு, அதை யாரும் மாத்தல. அதுலேருந்து வரிக்கு ஒரு பட்டியல், சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல்னு புதுசா எடுத்திருக்கேன்."

"நோட்டு மாறாதுல்ல?"

"மாறாதுங்க."

"அப்ப எத்தன பேருக்கு வேணா ஆக்கிப் போடு."

மூலத்தைத் தொடாமல் வேண்டியதை மட்டும் புதிதாகச் செய்துகொள்வதுதான் அந்த மொழியின் பழக்கமாம். நம் வீட்டுச் சண்டைகளில் பாதி, ஒரே பட்டியலை எல்லாக் காரியத்துக்கும் வைத்துக்கொள்வதால்தான் வருகிறதோ?

பூஜையன்று ராஜாம்பாள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான். தூணோரம் நின்று அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு மறுசோறு கேட்டாள்... வந்தது.

"என்னண்ணே, பருக்கைய எண்ணிக்கிட்டு நிக்கிறியா?"

"இல்லம்மா, சாப்பிடு."

எல்லோரும் எழுந்த பிறகும் அண்டாவில் சோறு இருந்தது. கவிதாவுக்குச் சந்தேகம். "இவ்வளவு மீந்திருக்கக் கூடாதேப்பா. என்ன கணக்குல போட்டீங்க?"

"நீ சொன்ன நூத்தி நாப்பத்தொண்ணுதாம்மா. அப்புறம் என் பயத்துக்கு ஒரு பத்துப் படி."