பூச்சி அக்காவின் இரண்டாவது கட்டி

அடுக்குமாடி வீடுகளில் கரப்பானுக்கு மருந்து வைப்பது அவள் தொழில். அதனால் எல்லோருக்கும் அவள் பூச்சி அக்கா. மருந்து வைத்த மறுநாளே, "என்னக்கா, முன்னைவிட நிறைய வருது!" என்று வீட்டுக்காரர்கள் போனில் சண்டைக்கு வருவார்கள்.

"வெளிய வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். தயவுசெஞ்சு மருந்தைத் துடைச்சிராதீங்க!" என்று போனை வைத்துவிடுவாள்.

அவள் கெண்டைக்காலில் இரண்டு கட்டிகள் வந்தன. தோல் புற்றுநோய். டாக்டர் பெரிய கட்டிக்குள் மட்டும் ஒரு வைரஸை ஊசியில் ஏற்றினார். அது புற்றுநோய் செல்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும், அந்தக் கலவரத்தில் சுற்றிலும் தூங்கிக்கிடக்கும் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும், ஆனால் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

அன்று மாலையே காய்ச்சல் வந்தது. கட்டி சிவந்து வீங்கியது. கணவர் பதறிப்போனார்.

"பெருசாயிட்டே போகுது. போதும்மா, நிறுத்திடலாம்."

"இப்படி ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாருல்ல? ஊருக்கெல்லாம் பொறுத்துக்கோன்னு சொல்றவ, நானே பொறுக்கலேன்னா எப்படி?"

அடுத்த ஊசிக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள், முணுமுணுத்த கணவரையும் இழுத்துக்கொண்டு.

பெரிய கட்டி வற்றியது. ஒரு காலை, கையுறை போட்டுக் கட்டு மாற்றிய கணவர் சின்னக் கட்டியைப் பார்த்துத் திகைத்தார்.

"இதுவும் சுருங்கியிருக்கு! இதுல ஊசியே போடலையே?"

அவள் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒருதடவை முழிச்சவங்க பக்கத்து வீட்டைச் சும்மா விடுவாங்களா?"