பேனாட் காத்திருந்து பாடிய சங்கீதம்

மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் சொந்த வீடு, டவுன்டவுனில் சொந்தச் சாப்பாட்டுக்கடை. கோப்பை கழுவ வந்த பேனாட் இரண்டையும் யாருடைய தயவுமில்லாமல் தேடிக்கொண்டவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பார். குரலைப் பற்றிய பெருமையோ அதற்கும் மேலே. சொந்த ஊரான மன்னாரில் தவக்காலச் சிலுவைப்பாதையில் அவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் சனம் பின்னால் பாடும். மைக்கைக் கிட்டவும் விடமாட்டார்.

அந்தச் சனத்துக்குள் நின்று அவர் குரலைப் பிடித்துப் பாடியவள்தான் செலீன். பிறகு அவருக்கே மனைவியானாள். மொன்றியலுக்கு வந்தபின் தங்கை சிசிலியோடு ஒரு பிரெஞ்சுக் கோயிலின் பாடகர் குழுவான கொயரில் சேர்ந்து, பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையில் பாடினாள். போன மாரியில் கண்ணை மூடிவிட்டாள்.

அவளுடைய ஆண்டு நினைவுப் பூசைக்கு, இறந்தவர்களுக்கான இலத்தீன் சங்கீதத்தைப் பாடக் கொயர் முடிவெடுத்தது. முந்நூறு வருடங்களுக்கு முன்பு நான்கு குரல்களுக்கென்று இசையமைத்தது. பேனாட் நானும் பாடுவேன் என்று போய் நின்றார். இசைக் குறிப்பான நொட்ஸ் வாசிக்கத் தெரியாது. சிசிலி போனில் அனுப்பியதைக் கேட்டு, கறி கிண்டும்போதும் பாடிப் பாடி, முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார். அப்படியொரு காது!

சிக்கல் வேறிடத்தில். பெண்களின் தாழ்ந்த குரல் தொடங்கும். அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாய் நுழையும். ஆண்களின் கனத்த குரல் கடைசி. பேனாட்டுக்குக் கடைசியாக வரத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் முந்திப் பாய்ந்தார். கொயர் முழுவதும் அவருக்குப் பின்னால் இழுபட்டது.

கொயரை நடத்தும் மெலனி கையை இறக்கினாள்.

"மொசியூ பேனாட், இன்னொரு தடவை முந்தினால் நீங்கள் கீழே சனத்தோடு இருந்துதான் கேட்க வேண்டும்" என்றாள் பிரெஞ்சில்.

"பின்னால வாறதுக்கு நானென்ன வாலோ?" என்று பேனாட் தமிழில் உறுமினார்.

"அத்தான், இது உங்கட சிலுவைப்பாதையில்லை" என்றாள் சிசிலி. "அக்காவுக்காக ஒருக்கா வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோவன்."

"வாயைப் பொத்திக்கொண்டு பாடுறது எப்பிடியெண்டு உந்த மெலனியிட்டைக் கேட்டுச் சொல்லு."

பூசையன்று கோயில் நிறையச் சனம். பீடத்தருகே செலீனின் படம். பேனாட்டைப் பார்த்தபடியே மெலனி கையைத் தூக்கினாள். பெண்களின் தாழ்ந்த குரல் எழுந்தது. செலீன் நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை; சிசிலிக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் அகலத்துக்கு வெறுமை.

பேனாட் அந்த வெறுமையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவருக்குப் பின்னால் பாடி வந்தவள் செலீன். இப்போது முன்னே போய்விட்டாள். அந்த மெட்டு வெறுமையைத் தாண்டி வருவதைக் கேட்டபடி காத்திருந்தார். மற்றக் குரல்கள் நுழைந்தன. அப்போதும் காத்திருந்தார். மெலனியின் பார்வை வந்ததும் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரின் குரலுக்கு மேலே போகாமல் உள்ளே இறங்கினார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"சிசிலி, என்ர குரல் கேட்டதோ?"

"இல்லை அத்தான். ஆர் பாடினதெண்டே பிரிச்சறிய ஏலேல்லை."

மன்னாரில் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அடிதடிதான்.

பேனாட் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"அப்ப சரி" என்றார்.