முன்பக்கம் மட்டும் டை

முடி வெட்டுகிறவனுக்குக் கத்தரி ஓடினால் போதாது, வருகிறவன் கதைக்குத் தலையும் ஆட்ட வேண்டும். கடை வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா? மலேசியாவில், ஈப்போ சிலிபினில் முடிவெட்டும் கடை வைத்துப் பாதி ஆயுசு ஆட்டினேன். இப்போது கழுத்து வலி.

யாரு மவன்

பாலனும் நானும் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். எனக்கு ரொம்ப இளையவன் என்றாலும் ஐம்பதை நெருங்கிவிட்டான். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஈப்போவில் புதிதாக ஆபீஸ் திறந்த ஒரு கணினிக் கம்பெனி, வீடியோவில் இண்டர்வியூ வைத்திருந்தது. கிடைக்காவிட்டால் சிங்கப்பூர். பெண்டாட்டி பிள்ளையைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் வேலை கேட்டுப் போனால் கணக்கெழுதும் கிராணி ஒன்றுதான் கேட்பார்: "யாரு மவன்?" அப்பன் பேரைச் சொன்னால் போதும். மறுநாள் இருட்டோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்ப் பேர் கொடுக்கலாம். அந்தப் பனி, அந்த ரப்பர்ப் பால் வாடை. முடி வெட்ட வந்த பாலனிடம் அதைச் சொன்னேன்.

"அது லேசுண்ணே. இவங்க என்னைப் பத்தி என்னையே பேசச் சொல்றாங்க லா!"

நாங்க

நாற்காலியில் உட்கார்ந்தே ஒத்திகை. கேள்வி கேட்பது நான்.

"பழைய கம்பெனியில என்ன செஞ்சே?"

"லைன் நின்னா நாங்க ஓட வைப்போம்ணே."

"நாங்கன்னா? எத்தனை பேருக்குடா சம்பளம் கேக்கப் போறே? நான்னு சொல்லு."

சொல்லிப் பார்த்தான். வாய் வரவில்லை, வேர்வைதான் வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசையில், ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால், பக்கத்து வீட்டுக்காரனும் "நாங்க மீன் சாப்ட்டோம்" என்பான்.

"நான் நான்னு பேசுனா அம்மா வெளக்கமாத்த எடுக்குமேண்ணே."

அரிப்பு

இண்டர்வியூ செவ்வாய்க்கிழமை. நம்ம ஆட்கள் செவ்வாயில் தலையில் கத்தரி வைக்க மாட்டார்கள். கடை காலி, இணையமும் உண்டு. இங்கேயே பேசுகிறேன் என்றான்.

நரையைப் பார்த்தால் கிழவன் என்று தள்ளிவிடுவார்களாம். திங்கள் சாயங்காலம் டை அடிக்க வந்தான். முன்பக்கம் முடித்துப் பிடரிக்குப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். அங்கே பட்டால் அரிக்குமாம்.

"போதும்ணே. கேமரா முன்னாடிதானே? பின்னாடி யாரு பாக்கப் போறா?"

செவ்வாய்

ஸ்டூலில் லேப்டாப். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் வாசலில் நின்றேன். இங்கிலீஷிலும் அதே கதைதான். "வீ" என்று ஆரம்பித்து, "ஐ" என்று திருத்தினான். ஆனாலும் நன்றாகத்தான் போனது.

கேள்வி கேட்ட அம்மா நம்ம தமிழ்ப் பொண்ணு. திடீரென்று தமிழுக்கு வந்தது. "சார், பின்னால உக்காந்திருக்கறது உங்க அப்பாவா?"

எட்டிப் பார்த்தேன். திரை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தலை. கண்ணாடியில் தெரிந்த அவன் பிடரிதான். தொலைந்தான், சிங்கப்பூர்தான் என்று நினைத்தேன். பாலன் திரும்பிப் பார்த்தான். மெதுவாக மறுபடி திரும்பினான்.

"அதுவும் நான்தான் மேடம். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

அட்டை

அடுத்த மாதம் வந்து நாற்காலியில் சாய்ந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை. நான் டை கலக்கக் கிண்ணத்தை எடுத்தேன்.

"வேணாம்ணே. ஆபீஸ்ல எங்க ரெண்டு பேரையும் எல்லாருக்கும் தெரியும்."

ரப்பரோ கம்ப்யூட்டரோ, வேலை கேட்டுப் போனவனிடம் அப்பனை விசாரிக்காமல் விடமாட்டார்கள்.