உள்ளங்கையில் எழுதிக்கொண்ட பேர்

முந்தாநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு மொட்டைத் தலை என்னைப் பார்த்துக் கையாட்டுச்சு. திருப்பதிக்குப் பக்கத்து ஊர்... மொட்டைத் தலைக்கா பஞ்சம்? யாரையோ கூப்பிடறாங்கன்னு நடந்தேன்.

"சார், நான்தான் சார், முனிரத்தினம்!"

அம்மாவோட ஆஸ்தான ஆட்டோக்காரர்! பக்கத்துல குடிபாலா ஊர்க்காரர். சர்ச், மார்க்கெட், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அம்மாவுக்கு அவர் ஆட்டோதான். அவரைப் பார்த்ததும் ஏதாவது பஸ்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாமான்னு பார்த்தேன். ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி அம்மாவைப் பத்திச் சொல்லணும்.

எஸ்தர் டீச்சர். ரிட்டயர் ஆனதும் பேப்பர் திருத்த ஆள் இல்லாம, கடவுளைப் பிடிச்சுக்கிட்டாங்க. லாங் சைஸ் நோட்டு ஒண்ணு. வரிக்கு ஒரு பேர், ஒரு வேண்டுதல். தினமும் காபிக்கு முன்னாடி ஒவ்வொரு பேரா வாய்விட்டுச் சொல்லி ஜெபம். நடந்துட்டா சிவப்பு மையில டிக். நடக்கலையா? மறுநாளும் அதே பேர்.

"கடவுளுக்கே இம்போசிஷன் குடுக்கிற ஒரே டீச்சர் நீதான்மா"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

"நீ மொதல்ல பல்லு வெளக்கினு வந்து பேசுடா."

'பெரியவன் – கோபம் குறையணும்'னு எனக்கும் ஒரு வரி உண்டு. கடைசி வரைக்கும் டிக் விழலை. கடவுளுக்கும் ஒரு லிமிட் இருக்குல்ல?

எங்க சபையில "ஜெபத்துல நெனச்சுக்கிறேன்"னு சொல்றது ஒரு மரியாதை. பஸ் வந்துடுச்சு, பேச்சை முடிக்கணும் – "ஜெபத்துல நெனச்சுக்கிறேன் பிரதர்!" வாட்ஸ்அப்னா இன்னும் சுலபம். கை கூப்பின பொம்மை ரெண்டு தட்டிவிட்டா ஊழியம் முடிஞ்சுது.

அம்மா அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டாங்க. மார்க்கெட்டுல யாராவது கஷ்டம்னு சொன்னா, தக்காளிக்காரர்கிட்டயே பேனா வாங்கி இடது உள்ளங்கையில பேரை எழுதிக்குவாங்க. வீட்டுக்கு வந்து நோட்டுல ஏத்துற வரைக்கும் அந்தக் கையில தண்ணி படாது. எட்டிப் பார்த்தா ஊர்ல யாருக்கு அப்பெண்டிக்ஸ், யார் வீட்டுல சண்டைன்னு எல்லாம் தெரிஞ்சுடும். "சொல்றேன்னு சொல்லிட்டு சொல்லாம இருந்தா, சாமியையும் ஏமாத்தறோம், அந்த ஆளையும் ஏமாத்தறோம்"பாங்க.

அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. நோட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. பத்திரமான்னா... யாரும் தொடலைன்னு அர்த்தம்.

போன மாசம் முனிரத்தினம் போன் பண்ணார். "டீச்சரம்மா இருந்தா நோட்ல எழுதிக்குவாங்க. இப்ப நீங்கதான் சார். என் பொண்ணு லாவண்யாவுக்கு ஸ்ரீ சிட்டில ஒரு கம்பெனில இன்டர்வியூ. எனக்கு முதுகு போச்சு. இந்த ஆட்டோவ இன்னும் எத்தினி நாளு ஓட்டறது? கொஞ்சம் சொல்லுங்க சார்."

"கண்டிப்பா முனிரத்தினம்! தினமும் சொல்றேன்!"

சொன்னேனா? அப்போ டி.வி.யில மேட்ச் கடைசி ஓவர். அவர் சொன்னதையே பாதிதான் கேட்டேன்.

இப்போ அவர் எதிர்ல நிக்கிறார். தப்பிக்க வழியில்லை. "லாவண்யாவுக்கு என்னாச்சு?"ன்னு கேட்டேன்.

"வேல வரல சார்."  அப்புறம் எனக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டார்! "நீங்க பீல் பண்ணாதீங்க. வேல கெடச்சப்புறம் போட வேண்டிய மொட்டைய, மலைக்குப் போயி அட்வான்ஸாவே போட்டுக்கினு வந்துட்டேன். நீங்களும் தெனம் சொல்லிக்கினு இருந்தீங்க. நாம ரெண்டு பேரும் நம்ம டூட்டிய கரெக்டாதானே பண்ணோம்?"

என் வேலூர் பஸ் கிளம்பத் தயாரா நின்னுது. ஏறியிருக்கலாம். ஏற முடியலை. அந்த மொட்டைத் தலையைப் பார்க்கப் பார்க்க வெட்கமா இருந்துச்சு.

"முனிரத்தினம்... நான் சொல்லலைப்பா. ஒரு நாள்கூட."

மனுஷனுக்கு முகம் வாடிப்போச்சு. திட்டப் போறார்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். திடீர்னு அவர் கண்ணு பெருசாச்சு.

"அப்ப... சாமிகிட்ட இன்னும் கேக்கவே இல்லியா சார்? அப்பன்னா சான்ஸ் இருக்குது! திங்கக்கெழம இன்னொரு கம்பெனில கூப்ட்டுக்கீறாங்க!"

"பேனா இருக்கா?"ன்னு கேட்டேன். சட்டைப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்னு, இடது உள்ளங்கையில எழுதினேன் – லாவண்யா.

வேலூர் போகலை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அம்மாவோட கடைசி வரிக்குக் கீழே என் கோழிக் கிறுக்கல். மறுநாள் காபிக்கு முன்னாடி நோட்டோட உட்கார்ந்தா, எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. அம்மா ஞாபகம் வந்து அழுதுட்டேன். அப்புறம் முதல் பக்கத்துல இருந்து, டிக் விழாத ஒவ்வொரு பேரா, வாய்விட்டு வாசிச்சேன். என் பேர் உட்பட!

திங்கக்கிழமை இன்டர்வியூ. சிவப்புப் பேனா வாங்கி வெச்சுட்டேன்.