கைக்குட்டை டீச்சரும் நகராத மேசைகளும்

இருக்கையைத் துடைத்தாயிற்று. இனி முதுகு சாயும் பலகை, அதன் பிறகு கைப்பிடிகள். கைக்குட்டையை மடிப்பு மடிப்பாகத் திருப்பித் துடைத்து முடித்த பிறகுதான் ஏழாம் வகுப்பு டீச்சர் உட்காருவார். நேற்றும் அதே நாற்காலியில் அவரேதான் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. பையில் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும். ஒன்று முகத்துக்கு, மற்றது நாற்காலிக்கு. சினிமாவுக்குப் போனாலும் இதே கூத்துதான். "நீ உட்கார்றதுக்குள்ள இடைவேளையே விட்டுடுவான்" என்று கணவர் தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கைக்குட்டை'. அது டீச்சருக்கும் தெரியும். "மத்தவங்களுக்கு வெச்சிருக்கிற பேரைக் கேட்டா, நான் தப்பிச்சேன்னுதான் சொல்லணும்" என்பார்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிறவரின் வகுப்பு மட்டும் சந்தைக்கடை மாதிரி இரையும். வாரம் பிறந்ததும் முதல் வேலையாக மேசைகளைக் கரகரவென்று இழுத்து, நாலு நாலாக முகம் பார்க்கப் போட்டுவிடுவார். ஒவ்வொரு நாலிலும் ஒரு கணக்குப்புலி, ஒரு வாயாடி, ஒரு வம்பன், ஒரு வாய்மூடி இருக்க வேண்டும். கணக்கைப் போட்டுவிட்டுப் புலி கையைத் தூக்கினால் டீச்சர் திரும்பியும் பார்க்க மாட்டார். கரும்பலகைக்குக் கூப்பிடுவது வம்பனையோ வாய்மூடியையோதான். அவன் திருதிருவென்று முழித்தால் நால்வரும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். "உனக்குப் புரிஞ்சா போதுமாடா? பக்கத்துல இருக்கிறவன் என்ன தெருவுல போறவனா?" என்று புலிக்குத்தான் திட்டு விழும். வேறு வழியில்லாமல் புலி சொல்லிக்கொடுக்கும். வாயாடி குறுக்கே புகுந்து குழப்புவாள். சண்டை வரும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மதியத்துக்குள் ராசியாகிவிடுவார்கள். கணக்கும் வந்திருக்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்பது பொல்லாத வயது. கூடப் படிக்கிறவன் முகம் கொடுத்துப் பேசாத நாளில் சோறு இறங்காது. பாடம் மட்டும் எப்படி இறங்கும்? இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம். தனக்கும் ஒரு காலத்தில் அந்த வயது இருந்தது என்ற நினைப்பு இருந்தால் போதும். அந்தப் பள்ளியை நடத்துகிறவர்கள் பிறக்கும்போதே கோட்டு போட்டுக்கொண்டு பிறந்தவர்களோ என்னவோ.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, பாதி வருடத்தில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வருகைப்பதிவுக்குக்கூட வாய் திறக்க மாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். பழைய பள்ளியில் அவள் பேச்சைக் கேலி செய்து பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் அவளிடம் "பேசு, பேசு" என்று ஒரு நாளும் நச்சரிக்கவில்லை. வகுப்பிலேயே பெரிய வம்பனுக்கு எதிரே உட்கார வைத்தார். வாரக்கணக்கில் அவன் தப்புத் தப்பாகக் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அ... அது ஏழு இல்லடா, லூசு. ஒன்பது" என்றாள். வம்பன் சிரிக்கவில்லை. "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அழித்துவிட்டு ஒன்பது போட்டான். டீச்சர் ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து, நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "அவ அவனை லூசுன்னு சொல்லிட்டா!" என்று பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பு பத்து நாள்கூட நீடிக்கவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், அத்தனை மேசைகளையும் இருக்கைகளையும் கரும்பலகையைப் பார்க்க வரிசையாகப் போட்டு, தரையோடு போல்ட் வைத்து முறுக்கியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் வரிசைப்படி இடம். அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரிசை, சுவரோரம், பக்கத்து இருக்கை காலி. அன்று முழுக்க அவள் தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

டீச்சர் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அங்கே நாற்காலியைத் துடைக்கவில்லை, உட்காரவும் இல்லை.

"சத்தம் தாங்கலைன்னு பக்கத்து வகுப்புலேர்ந்து புகார் மேல புகார்மா. அதான் நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"பேசினாத்தானே சார் சத்தம் வரும்? பேசத்தானே அதுங்களைச் சேர்த்து உட்கார வெச்சேன்?"

"பரீட்சையில பேசிக்கிட்டா எழுதப் போறாங்க?"

"பரீட்சைக்கு அப்புறமும் அதுங்க உயிரோடதான் சார் இருக்கப் போகுதுங்க. யார்கூடவும் பழகத் தெரியாம மார்க்கை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன செய்யும்? ஒரு பொண்ணு இப்பத்தான் வாயைத் திறந்தா. மேசையையா முடுக்கினீங்க? அவ வாயையில்ல சேர்த்து முடுக்கிட்டீங்க!"

"ஒரு பிள்ளைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா? எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கம்மா, புரிஞ்சுக்குங்க" என்று அவர் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மேலே ஆள் இருக்கிறது என்பது எவ்வளவு சௌகரியமான பதில்! அந்த மேலே இருக்கும் ஆள் ஒருநாளாவது சுவரோரம் தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பாரா?

மறுநாள் காலை டீச்சர் வகுப்புக்கு வந்ததும் நாற்காலிப் பக்கம் போகவில்லை. கரும்பலகைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. சுண்ணக்கட்டித் தூள் உதிர்ந்து வெள்ளை பூத்த தரை. "எல்லாரும் நோட்டை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. பழைய மாதிரி நாலு நாலு பேரா தரையில உட்காருங்க. இடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாலும் பரவாயில்ல" என்றார்.

ஒரே தள்ளுமுள்ளு. புலி, வாயாடி, வம்பன் மூவரும் தங்கள் வட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் கடைசி வரிசையிலிருந்து எழவில்லை. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

டீச்சர் மூவரின் அருகே குனிந்து, பையிலிருந்து நாற்காலிக் கைக்குட்டையை எடுத்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரையை அழுந்தத் துடைத்தார். தனக்குத்தான் துடைக்கிறார் என்று வகுப்பே நினைத்துக்கொண்டது. அவரோ அதற்குப் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத உடையோடு வெள்ளைத் தூளின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே, துடைத்த இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.